வரைபுக் கோட்பாட்டைக் கற்க எந்த வழிகாட்டி நூலைத் தேர்ந்தெடுப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு, இப்போது கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படிக்கிறீர்கள். அடுத்த செமஸ்டரில், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் வரைபுக் கோட்பாடு (கிராப் தியரி) ஒரு பாடமாக வருகிறது. கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்துபோவதால் வாசிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. ஒரு புத்தகத்துக்கு மேல் வாங்கவும் வசதியில்லை. ஆகவே தீர்த்த கணக்குகள் நிறைந்த வழிகாட்டி ஒன்றை வாங்கினால் போதுமா, இல்லை பாடநூல்தான் வேண்டுமா, வேண்டுமென்றால் எது என்று கேட்கிறீர்கள்.

வழிகாட்டி மட்டும் போதாது என்பதே என் பதில். பணம் கொடுத்து வாங்குவது ஒன்றே என்றால், அது நிறுவல்களை முழுமையாகத் தரும் சிறிய பாடநூலாக இருக்கட்டும். தீர்த்த கணக்குகளுக்கான வழிகாட்டியை நூலகத்திலிருந்து இரவல் எடுங்கள். எந்தப் பாடநூல் என்பதைக் கீழே பெயர் சொல்லியே எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன், கையில் கிடைக்கும் எந்தப் புத்தகத்தையும் பத்து நிமிடத்தில் எடைபோடுவது எப்படி என்று சொல்வது அவசியம். ஏனென்றால் திருகோணமலைப் புத்தகக் கடைகளில் உயர்தரப் பயிற்சி நூல்கள் தாராளமாகக் கிடைக்கும்; பல்கலைக்கழகப் பாடநூல்கள் அப்படிக் கிடைப்பதில்லை. நான் சொல்லும் நூல் கிடைக்காமல் வேறொன்று கிடைத்தால், அது தகுமா தகாதா என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

இணைந்த கணிதத்தில் நீங்கள் பழகிய முறை இங்கே முழுதாகக் கைகொடுக்காது. அங்கே ஒரு வகைக் கணக்கைச் செய்துகாட்டினால், அதே வகையில் இருபது கணக்குகளைச் செய்து, கடந்தகால வினாத்தாள்களோடு ஒப்பிட்டுத் தேறிவிடலாம். வரைபுக் கோட்பாட்டில் கணிப்பு மிகக் குறைவு. பெரும்பாலான வினாக்கள் ‘நிறுவுக’ என்றோ ‘உண்மையா பொய்யா, காரணம் தருக’ என்றோதான் வரும். ஒரு வினாவுக்கான விடை அடுத்த வினாவுக்கு அச்சாகப் பொருந்தாது. படங்களைப் பார்த்தவுடன் பாடம் இலகுவாகத் தோன்றும். புள்ளிகளும் கோடுகளும்தானே என்று நினைத்து வரைவிலக்கணங்களை மேலோட்டமாக வாசித்தவர்கள் நான்காம், ஐந்தாம் வாரத்தில் தடுமாறுவதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆகவே ஒரு நூல் நிறுவலை எப்படிக் கையாள்கிறது, வரைவிலக்கணத்தை எவ்வளவு கவனமாக எழுதுகிறது என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பொருளடக்கத்தை விட்டுவிட்டு, ஆய்லரின் தேற்றம் இருக்கும் பக்கத்தைத் திறவுங்கள். 1736ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையில் ஆய்லர் எடுத்துக்கொண்ட கோனிக்ஸ்பேர்க் பாலங்களின் கதை எல்லா நூலிலும் இருக்கும்: நான்கு நிலப்பகுதிகள், ஏழு பாலங்கள், ஒவ்வொரு பாலத்தையும் ஒரு தடவை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்ற கேள்வி. நிலப்பகுதிகளை உச்சிகளாகவும் பாலங்களை விளிம்புகளாகவும் வரைந்தால் உச்சிகளின் படிகள், அதாவது ஒவ்வோர் உச்சியிலும் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கைகள், 5, 3, 3, 3 என்று வரும். நான்குமே ஒற்றை எண்கள் என்பதால் முடியாது. இந்தக் கதையை நூல் எவ்வளவு அழகாகச் சொல்கிறது என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அதற்கு அடுத்து வரும் தேற்றத்தைப் பாருங்கள். ‘ஓர் இணைந்த வரைபில் எல்லா விளிம்புகளையும் ஒரு தடவை மட்டும் கடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவர முடியும் என்பதற்கு, எல்லா உச்சிகளின் படிகளும் இரட்டையாக இருப்பது வேண்டியதும் போதியதுமான நிபந்தனை’ என்பது தேற்றம். எந்த உச்சியிலிருந்தும் எந்த உச்சிக்கும் விளிம்புகள் வழியே போகக்கூடியதே இணைந்த வரைபு. இதில் வேண்டிய பக்கம் மிக எளிது: ஓர் உச்சிக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் வெளியேறவும் வேண்டும், ஆகவே விளிம்புகள் இரண்டிரண்டாகச் செலவாகின்றன. போதிய பக்கம்தான் உண்மையான வேலை. ஆய்லரே அதை அந்தக் கட்டுரையில் நிறுவவில்லை. கார்ல் ஹியர்ஹோல்சர் என்ற ஜேர்மானியரின் நிறுவல், அவர் இறந்த பின்னர், 1873இல்தான் அச்சில் வந்தது.

அந்த நிறுவல் இப்படிப் போகும். ஏதாவதோர் உச்சியில் தொடங்கி, ஏற்கனவே கடந்த விளிம்பை மறுபடி கடக்காமல் நடந்துகொண்டே போங்கள். எல்லாப் படிகளும் இரட்டை என்பதால், தொடங்கிய உச்சியைத் தவிர வேறெங்கும் வழியின்றி நின்றுவிட முடியாது. ஆகவே ஒரு மூடிய சுற்று கிடைக்கும். இன்னும் கடக்காத விளிம்புகள் மிஞ்சியிருந்தால், வரைபு இணைந்தது என்பதால், சுற்றில் உள்ள ஏதாவதோர் உச்சியிலிருந்து அப்படியான ஒரு விளிம்பு புறப்படும். அங்கிருந்து இன்னொரு மூடிய சுற்றை நடந்து, அதை முதலாவதோடு பொருத்திவிடுங்கள். விளிம்புகள் தீரும்வரை இதையே செய்யலாம்.

கணினி விஞ்ஞானம் படிக்கும் உங்களுக்கு இது இரட்டிப்பு இலாபம்: இந்த நிறுவலே ஒரு படிமுறை, அப்படியே நிரலாக எழுதிவிடலாம். நீங்கள் திறந்த புத்தகம் வேண்டிய பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு ‘மறுதலையும் உண்மை’ என்று நகர்ந்துவிட்டால், அந்தப் புத்தகத்தை முதன்மை நூலாக வைத்துக்கொள்ள வேண்டாம். ‘இணைந்த’ என்ற நிபந்தனையைத் தேற்றத்தில் எழுத மறந்திருந்தால் இன்னும் மோசம். ஒன்றையொன்று தொடாத இரண்டு முக்கோணங்களை வரைந்து பாருங்கள்: எல்லா உச்சிக்கும் படி 2, ஆனால் ஒரே சுற்றில் எல்லா விளிம்பையும் கடக்க வழியே இல்லை. பரீட்சைக்கான குறிப்புத் தொகுப்புகள் பலவற்றில் இந்த ஒரு சொல் விடுபட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவதாக வரைவிலக்கணங்களைப் பாருங்கள். இந்தப் பாடத்தில் நூலுக்கு நூல் வரைவிலக்கணம் மாறும். அதைத் தெரியாமல் இரண்டு நூல்களைச் சேர்த்து வாசிப்பவர் நிச்சயம் குழம்புவார். ஓர் எடுத்துக்காட்டைக் கையாலேயே வரைந்து பாருங்கள். அ, ஆ, இ என்ற மூன்று உச்சிகளால் ஒரு முக்கோணம். இ, ஈ, உ என்ற மூன்றால் இன்னொரு முக்கோணம். இ என்ற உச்சி இரண்டுக்கும் பொது. இப்போது அ, ஆ, இ, ஈ, உ, இ என்ற ஒழுங்கில் நடக்கிறோம். விளிம்பு எதுவும் மீளவில்லை, ஆனால் இ என்ற உச்சி இரண்டு தடவை வருகிறது. றொபின் வில்சனின் நூலில் இது ‘டிரெயில்’; உச்சி மீள்வதால் ‘பாத்’ அல்ல. நர்சிங் தியோவின் நூலில் இது வெறும் ‘வோக்’. அவருடைய வரைவிலக்கணத்தில் வோக்கிலேயே விளிம்பு மீளக்கூடாது. கெனத் றோசனின் தனிநிலைக் கணித (டிஸ்கிரீட் மெதமெட்டிக்ஸ்) நூலிலோ இது ‘சிம்பிள் பாத்’. அவர் ‘பாத்’ என்று மட்டும் சொன்னால் உச்சியும் மீளலாம், விளிம்பும் மீளலாம். மூவரும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய தேற்றத்தை இன்னொருவருடைய வரைவிலக்கணத்தோடு சேர்த்து விடை எழுதினால், அது பிழையான விடையாகிவிடும்.

வரைபு என்ற சொல்லுக்கே இந்தச் சிக்கல் உண்டு. வில்சன் கண்ணிகளையும் (ஓர் உச்சியிலிருந்து புறப்பட்டு அதற்கே திரும்பும் விளிம்புகள்), இரண்டு உச்சிகளுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட விளிம்புகளையும் பொதுவாக அனுமதித்து, அவை இல்லாததைத் தனியே எளிய வரைபு என்பார். டீஸ்டல் என்பவர் தன் நூலில் வரைபு என்று மட்டும் சொன்னாலே அது எளிய வரைபுதான். பிராங் ஹராரி 1969இல் எழுதிய நூலில் உச்சியும் விளிம்பும் முறையே ‘பொயின்ட்’, ‘லைன்’ என்றுதான் இருக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரி நூல்கள் சிலவற்றிலும் அந்த வழக்கைக் காணலாம். ஆகவே உங்கள் விரிவுரையாளர் முதல் இரண்டு வாரத்தில் கரும்பலகையில் எழுதும் வரைவிலக்கணங்களை ஒரே தாளில் எழுதி, புத்தகத்தின் முன் அட்டைக்குள் ஒட்டிவையுங்கள். பரீட்சையில் செல்லுபடியாவது அந்தத் தாள்தான். நூல் தன் வரைவிலக்கணங்களை ஒரே இடத்தில் தெளிவாக எழுதி, பின்னர் கடைசிவரை அவற்றிலிருந்து விலகாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, ஒரு தேற்றம் எங்கே செல்லாது என்பதை நூல் சொல்கிறதா என்பது. இதற்குத் தள வரைபுகள், அதாவது விளிம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் தாளில் வரையக்கூடிய வரைபுகள், பற்றிய அத்தியாயம் மிகப் பொருத்தமானது. குறைந்தது மூன்று உச்சிகள் கொண்ட எளிய தள வரைபில் விளிம்புகளின் தொகை, உச்சிகளின் தொகையின் மூன்று மடங்கில் ஆறைக் கழித்தால் வருவதை மீறாது. ஒவ்வொரு சோடி உச்சியும் ஒரு விளிம்பால் இணைந்த, ஐந்து உச்சிகளின் முழு வரைபில் 10 விளிம்புகள், எல்லையோ 9. ஆகவே அது தள வரைபு அல்ல. இந்த இடம்வரை எல்லா வழிகாட்டிகளும் வந்துவிடும். பிறகு மூன்று வீடுகளையும் மூன்று சேவைகளையும் இணைக்கும் பழைய புதிர், அதாவது மூன்றும் மூன்றுமான இருகூற்று முழு வரைபு வரும். அதில் 9 விளிம்புகள், எல்லை 12. நிபந்தனை மீறப்படவில்லை; ஆனாலும் அது தள வரைபு அல்ல. அந்த வரைபில் முக்கோணமே கிடையாது என்பதைப் பயன்படுத்தி, ‘உச்சிகளின் இரு மடங்கில் நான்கைக் கழி’ என்ற இறுக்கமான எல்லைக்கு வந்தால்தான் 8 என்ற எண் கிடைத்து விடயம் முடிகிறது. நல்ல நூல் இந்த இடத்தில் நின்று, முதல் எல்லையின் மறுதலை பொய் என்று உங்களுக்குக் காட்டும். மோசமான வழிகாட்டி இரண்டு சூத்திரங்களையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, ‘முக்கியம்’ என்று எழுதிவிட்டுப் போகும். அதை மனனம் செய்தவர் பரீட்சையில் ‘9 ≤ 12, ஆகவே தள வரைபு’ என்று எழுதி வைப்பார்.

படிமுறைகளுக்கும் இதே அளவுகோல்தான். டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறுகிய பாதைப் படிமுறையை அட்டவணை போட்டு விளக்கும் நூல்களுக்குக் குறைவில்லை. விளிம்புகளின் நிறைகள் மறையாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையை எழுதி, ஏன் என்றும் சொல்கிறதா என்று பாருங்கள். அ–விலிருந்து ஆ–வுக்கு 2, அ–விலிருந்து இ–க்கு 3, இ–யிலிருந்து ஆ–வுக்கு −2 என்று திசையுள்ள மூன்று விளிம்புகளை எடுத்தால், படிமுறை ஆ–வை 2 என்று முதலிலேயே உறுதிசெய்துவிடும். உண்மையில் இ வழியாகப் போனால் 1தான் ஆகும். மூன்று வரியில் முடியும் இந்த எடுத்துக்காட்டு, இரண்டு பக்க அட்டவணையைவிட அந்தப் படிமுறையை நன்றாக விளங்கவைக்கும்.

இனி நூல்களின் பெயர்களுக்கு வருகிறேன். உங்கள் நிலைமைக்கு வாங்கத் தகுந்தது றொபின் வில்சனின் ‘இன்ட்ரொடக்சன் டு கிராப் தியரி’. 1972இல் முதலில் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2010இல் வந்தது. மெல்லிய புத்தகம், பஸ்ஸில் கையில் பிடித்து வாசிக்கலாம். பிரிவுகள் சிறியவை, ஆங்கிலமும் எளிது. நான் மேலே சொன்ன ஆய்லர் தேற்றமும் தள வரைபுகளும் அதில் முறையாக இருக்கின்றன. மரங்கள், நிறந்தீட்டல், 1935இல் வந்த ஹோலின் சோடி தேற்றம் என்று ஓர் அறிமுகப் பாடத்துக்கு வேண்டிய பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். படிமுறைகளை அது சுருக்கமாகத்தான் தொடும். அந்தப் பகுதியைத் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் நீங்கள் எப்படியும் படிப்பீர்கள் என்பதால் அதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை.

கணினிப் பக்கம் கூடுதலாக வேண்டுமென்றால் நர்சிங் தியோ 1974இல் எழுதிய நூல் உண்டு. அதன் இந்தியப் பதிப்பு பரவலாகக் கிடைக்கும், விலையும் தாங்கக்கூடியது. வரைபுகளைத் தாயங்களாக எழுதுவது, மின்சுற்றுகள், படிமுறைகள் என்று பிரயோகங்களுக்கு அது நிறைய இடம் கொடுக்கிறது. படிமுறைகள் அந்தக் காலத்துப் பாய்ச்சற்கோட்டுப் படங்களோடு இருக்கும். அதனால் விளக்கம் கெடுவதில்லை. ஆனால் வரைவிலக்கண வேறுபாட்டை மேலே சொன்னேன், அதை மறவாதீர்கள்.

பயிற்சிகளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. பொண்டியும் மூர்த்தியும் 1976இல் எழுதிய ‘கிராப் தியரி வித் அப்ளிகேசன்ஸ்’ நூலை, தனிப்பட்ட பயன்பாட்டுக்காக ஆசிரியர்களே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஆகவே களவாகப் பிரதி எடுக்கிறோமே என்ற உறுத்தல் இல்லாமல் அதைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளலாம். வில்சனைவிட ஒரு படி கடினமானது. ஆனால் நட்சத்திரக் குறியிட்ட பயிற்சிகளுக்குப் பின்னிணைப்பில் குறிப்புகள் உண்டு. முழு விடை அல்ல, தொடங்கும் இடத்தை மட்டும் காட்டும் குறிப்பு. தனியாகப் படிப்பவருக்கு இதைவிட நல்ல உதவி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் கேட்ட வகையான வழிகாட்டி, ஷோம் வரிசையில் பாலகிருஷ்ணன் 1997இல் எழுதிய நூல். கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தீர்த்த வினாக்களை வரிசையாக அடுக்கும் முறை அது. தரமான நூல்தான், நிறுவல்களை ஏமாற்றவும் இல்லை. ஆனால் பல தேற்றங்களே அங்கே தீர்த்த வினாக்களின் வடிவில் வருவதால், முதன்முதலாகப் படிப்பவருக்கு எது முதுகெலும்பு, எது கிளை என்று பிரித்தறிவது கடினமாக இருக்கும். வில்சனில் ஓர் அத்தியாயத்தை முடித்த பின் அதே தலைப்பை அங்கே திறந்தால் மிகவும் பயன்படும்.

ட்ரூடோவின் சிறிய நூலையும் யாராவது உங்களுக்குச் சிபாரிசு செய்யலாம். கணிதத்துக்குப் பயந்தவர்களையும் கைபிடித்து அழைத்துப்போகும் அன்பான நூல் அது, விலையும் குறைவு. அது பெரும்பாலும் தள வரைபுகளையும் நிறந்தீட்டலையும் சுற்றியே போகும். மரங்களுக்கென்று ஓர் அத்தியாயம்கூட இல்லை, சோடியாக்கமும் இல்லை, ஆகவே உங்கள் பாடத்திட்டத்துக்குப் போதாது, விடுமுறையில் வாசியுங்கள். டீஸ்டல், பொலொபாஷ் போன்றவர்களின் நூல்கள் பட்டப்பின் படிப்புக்கானவை, இப்போது வேண்டாம். வெஸ்ட்டின் நூல் பயிற்சிகளின் களஞ்சியம். வளாக நூலகத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

பழைய பதிப்பு வாங்கலாமா என்பதும் உங்கள் கேள்வியில் இருந்தது. இந்தப் பாடத்தின் அடிப்படைகள் பழையன ஆவதில்லை, தாராளமாக வாங்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். எந்தத் தேசப்படத்தையும், அயல் நாடுகளுக்கு ஒரே நிறம் வராதபடி நான்கு நிறங்களால் தீட்டலாம் என்ற கூற்று 1852இல் பிரான்சிஸ் கத்ரி என்பவரால் எழுப்பப்பட்டது. 1879இல் கெம்பே அதை நிறுவிவிட்டதாக அறிவித்தார். பதினொரு ஆண்டுகள் எல்லோரும் அதை ஏற்றிருந்தார்கள். 1890இல் ஹீவுட் அதிலுள்ள பிழையைக் காட்டி, கெம்பேயின் உத்தியைக்கொண்டே ஐந்து நிறங்கள் போதும் என்பதை நிறுவினார். நான்கு நிறத் தேற்றத்தை 1976இல் அப்பலும் ஹேக்கனும் கணினியின் துணையோடு நிறுவினார்கள். ஆகவே ஹராரியிலும் தியோவிலும் இது இன்னும் நிறுவப்படாத ஊகம் என்றே எழுதப்பட்டிருக்கும். பரீட்சையில் அப்படியே எழுதிவிடாதீர்கள். கெம்பேயின் பிழையான நிறுவலைக் காட்டி, பிழை எங்கே என்று கேட்கும் நூல் கிடைத்தால் அந்த அத்தியாயத்தைக் கட்டாயம் வாசியுங்கள். ஒரு நிறுவலை எப்படிச் சந்தேகிப்பது என்பதை அதைவிடச் சிறப்பாகக் கற்பிக்கும் இடம் இந்தப் பாடத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

வாங்கிய நூலை எப்படி வாசிப்பது என்பதையும் சொல்லாமல் விட்டால் பதில் அரைகுறையாகிவிடும். ஒவ்வொரு வரைவிலக்கணத்தையும் வாசித்தவுடன், நூலிலுள்ள படத்தைப் பார்க்காமல், நீங்களே ஒரு வரைபை அமைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்தின் வீதிகளே அதற்குப் போதும். திருகோணமலை, கிண்ணியா, மூதூர், சேருவில, கந்தளாய் என்ற ஐந்து இடங்களை மட்டும் உச்சிகளாக எடுங்கள். திருகோணமலையிலிருந்து கிண்ணியாப் பாலம் வழியாகக் கிண்ணியா, அங்கிருந்து மூதூர், மூதூரிலிருந்து சேருவில, அங்கிருந்து அல்லை–கந்தளாய் வீதியால் கந்தளாய், கந்தளாயிலிருந்து பிரதான வீதியால் மறுபடி திருகோணமலை. இது ஐந்து விளிம்புகள் கொண்ட ஒரு சுற்று. இப்போது வெட்டு விளிம்பு என்ற வரைவிலக்கணத்துக்கு வாருங்கள்: எந்த விளிம்பை நீக்கினால் வரைபு இரண்டாகப் பிரிகிறதோ அது வெட்டு விளிம்பு. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தைக் குறிக்கும் விளிம்பை நீக்கிப் பாருங்கள். பயணம் மிக நீண்டுவிடும். ஆனாலும் மூதூர், சேருவில, கந்தளாய் என்று சுற்றி வந்து சேரலாம். ஆகவே அது வெட்டு விளிம்பு அல்ல. இனி நிலாவெளியை ஆறாவது உச்சியாகச் சேர்த்து, திருகோணமலையோடு மட்டும் ஒரு விளிம்பால் இணையுங்கள். அந்த விளிம்பு வெட்டு விளிம்பு. கல்ஓயாச் சந்தியில் பிரிந்து திருகோணமலைக்கு வரும் புகையிரதப் பாதையின் ஒவ்வொரு துண்டும், புகையிரத வரைபில், வெட்டு விளிம்புதான். இவ்வளவையும் வரைந்து பார்த்தவருக்கு, ‘ஒரு விளிம்பு எந்தச் சுற்றிலும் இல்லாவிட்டால், இல்லாவிட்டால் மட்டுமே, அது வெட்டு விளிம்பு’ என்ற தேற்றம் அடுத்த பக்கத்தில் வரும்போது புதிதாக இருக்காது. நிறுவலையும் அநேகமாகத் தாமே எழுதிவிடுவார்.

தீர்த்த வினாக்களைக் கையாளும்போது, விடையை ஒரு தாளால் மூடி வைத்துவிட்டு, வினாவோடு அரை மணி நேரமாவது மல்லுக்கட்டுங்கள். வரவில்லையென்றால் விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். விடையை முழுதாக வாசித்து ‘விளங்குகிறது’ என்று தலையாட்டுவதால், மூன்று மணி நேர வினாத்தாளின் முன்னால் ஒரு பயனும் இராது. பஸ் பயணத்தில் எழுத முடியாது என்பதால், காலையில் புறப்படும்போது ஒரே ஒரு நிறுவலை வாசித்து, வளாகத்துக்கு வந்து சேர்வதற்குள் அதை மனதிலே தமிழில் சொல்லிப் பாருங்கள். மாலையில் அதையே நூலைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் சிந்திப்பது எந்த வகையிலும் தடையல்ல. மொழியில் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ‘ஒவ்வொரு’, ‘ஏதாவதொரு’, ‘அதிகபட்சம்’, ‘குறைந்தபட்சம்’ போன்ற சொற்கள் ஆங்கில வாக்கியத்தில் எங்கே நிற்கின்றன என்பதில்தான். அவற்றின் கீழே கோடிட்டு வாசிக்கப் பழகுங்கள்.

கணிதத் தொகுத்தறிவு முறையை உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். அதை இங்கே பயன்படுத்தும்போது மட்டும் ஒரு கவனம் தேவை: சிறிய வரைபோடு புதிய உச்சியைச் சேர்த்துப் பெரிதாக்கிக்கொண்டு போகாதீர்கள், பெரிய வரைபை எடுத்து, அதிலிருந்து ஓர் உச்சியையோ விளிம்பையோ நீக்கிச் சிறிதாக்குங்கள். சேர்த்துக்கொண்டு போனால், எல்லாப் பெரிய வரைபுகளும் அப்படிச் சேர்த்ததால் வந்தவைதானா என்ற கேள்வி பதிலின்றி நிற்கும். பரீட்சகர்கள் புள்ளி குறைக்கும் இடம் இது.

வாங்குவதற்கு முன் இன்னுமொரு வினாவைத் தருகிறேன். கையில் வரும் நூலைச் சோதிக்கவும் உங்களைச் சோதிக்கவும் ஒருங்கே உதவும். குறைந்தது இரண்டு உச்சிகள் கொண்ட எந்த எளிய வரைபிலும், ஒரே படி கொண்ட இரண்டு உச்சிகளாவது இருக்கும் என்று நிறுவ வேண்டும். மொத்தம் பத்து உச்சிகள் என்றால் படிகள் 0 முதல் 9 வரை வரலாம். ஆனால் 0உம் 9உம் ஒரே வரைபில் சேர்ந்து வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், நிறுவல் அங்கிருந்து வந்துவிடும். பிறகு இதே கூற்று உங்கள் நூலில் எங்கே இருக்கிறதென்று தேடி, ‘எளிய’ என்ற நிபந்தனையை நூல் எழுதியிருக்கிறதா, அல்லது வரைபு என்றாலே எளிய வரைபுதான் என்று முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த நூலில் கூற்றே பிழை: மூன்று உச்சிகளை எடுத்து, முதலாவதையும் இரண்டாவதையும் ஒரு விளிம்பாலும், இரண்டாவதையும் மூன்றாவதையும் இரண்டு விளிம்புகளாலும் இணைத்தால் படிகள் 1, 3, 2 என்று வருகின்றன, எந்த இரண்டும் சமமில்லை.